கால் தரையில் படாத வரை: ஸ்காட்லாந்தில் மோட்டார் சைக்கிள் டிரையல்

1961ஆம் ஆண்டு மே மாதம். ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் ஊருக்கு மேலே ‘கிரே மேர்ஸ் ரிட்ஜ்’ என்ற பாறைமுகட்டில் கோர்டன் ஜாக்சன் தம் 350 சிசி ஏஜேஎஸ் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கணம் வண்டி சாய்ந்தது. கால் கீழே வந்து பாறையைத் தொட்டது. அடுத்த கணம் கால் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, வண்டியும் மேலே போய்விட்டது. ஆறு நாள் போட்டியில் அவர் இழந்த ஒரே புள்ளி அதுதான். அந்த ஆண்டின் வெற்றி அவருக்கே. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த விளையாட்டின் ரசிகர்கள் அந்தக் கால் பட்ட இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கணம் புகைப்படத்திலும் பதிவாகிவிட்டதால் பேச்சு ஓய வழியில்லை.

மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் சீறிப் பாயும் வண்டிகளும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிடும் கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். டிரையல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இதில் வண்டி பல நேரம் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகிறது. ஓட்டுபவர் உட்காருவதே இல்லை. இன்றைய டிரையல் வண்டிகளில் பெயருக்குக்கூட இருக்கை கிடையாது. ஓடைக்குள் கிடக்கும் உருண்டைக் கற்கள், சேறு வழியும் சரிவு, வேர்கள், செங்குத்தான பாறைப்படி ஆகியவற்றின் வழியே, கொடி நட்டுக் குறித்த ஒரு குறுகிய பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். அந்தப் பாதைத் துண்டுக்கு ‘செக்‌ஷன்’ என்று பெயர். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம் என்று எல்லை காட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு கண்காணிப்பாளர் கையில் குறிப்புத் தாளோடு நிற்பார்.

மதிப்பெண் முறை எளிது, தலைகீழானதும்கூட. சுத்தமாகக் கடந்தால் பூஜ்யம். ஒரு முறை கால் ஊன்றினால் ஒன்று, இரண்டு முறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, நின்றுபோனாலோ ஐந்து. கடைசியில் யாரிடம் எண்ணிக்கை குறைவோ அவரே வெற்றியாளர். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியில்தான் சாதாரண வீரர்களின் ஆட்டம் நடக்கிறது. இனி சுத்தமாகப் போக முடியாது என்று தெரிந்துவிட்டால் இரண்டு கால்களாலும் துடுப்புப் போட்டாவது வெளியே வந்துவிடுவார்கள். இரண்டு புள்ளி மிச்சம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வாரக் கடைசியில் அந்த இரண்டிரண்டாகச் சேர்ந்த மிச்சம்தான் பட்டியலில் இடத்தை மாற்றும்.

இப்படி ஒரு மெதுவான விளையாட்டு ஏன் பிறந்தது? காரணம் ஒரு சட்டம்.

பிரிட்டனில் 1903இல் மோட்டார் கார் சட்டம் வந்தது. வண்டிகளைப் பதிவு செய்வதும் எண் பலகை வைப்பதும் அதனுடன் வந்தவை. சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பையும் அது வைத்தது. அந்த வரம்பு 1930ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை ஏட்டில் இருந்தது. பொதுச் சாலையில் பந்தயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகப் பந்தயம் வேண்டுமென்றவர்கள் தனிச் சட்டமன்றம் கொண்ட மேன் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1907இல் அங்கே ‘டூரிஸ்ட் டிராபி’ என்ற டிடி பந்தயம் தொடங்கியது அப்படித்தான். தீவுக்குப் போகாதவர்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. வேகத்தை அளக்க முடியாவிட்டால் நம்பகத்தன்மையை அளக்கலாமே. குறித்த நேரத்துக்கு முன்பும் வரக் கூடாது, பின்பும் வரக் கூடாது, வழியில் மேட்டில் நிற்கக் கூடாது, வண்டி பழுதாகக் கூடாது. இதுதான் ‘நம்பகத்தன்மைச் சோதனை’. டிரையல் என்ற சொல்லுக்கே சோதனை என்றுதானே பொருள்.

பெல்ட்டில் ஓடும், கியர் இல்லாத, தீப்பொறி எப்போது வரும் என்று ஓட்டுபவருக்கே தெரியாத வண்டிகளின் காலம் அது. அந்த வண்டிகளை ஸ்காட்லாந்தின் மலைச் சாலைகளில் ஏற்றினால் அதைவிடக் கடினமான சோதனை தேவையில்லை. 1909இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆர்வலர்கள் ஐந்து நாள் சோதனை ஒன்றை நடத்தினார்கள். விரைவிலேயே அது ஆறு நாளாக வளர்ந்தது. ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல்’ என்று இன்று உலகம் அறியும் போட்டி அதுதான். உலகப் போர்க் காலங்களிலும், பிறகு சொல்லப்போகும் வேறு சில ஆண்டுகளிலும் தவிர, இன்று வரை நடந்துகொண்டிருக்கிறது. உலகின் மிகப் பழைய மோட்டார் சைக்கிள் டிரையல் என்ற பெயர் இதற்கு உண்டு.

(இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ‘ஸ்காட் டிரையல்’ என்று ஒன்று நடக்கிறது. 1914இல் தொடங்கியது. அதற்கும் ஸ்காட்லாந்துக்கும் சம்பந்தமில்லை. மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட்டின் பெயர் அது. அங்கே காலும் கணக்கு, கடிகாரமும் கணக்கு.)

ஸ்காட்லாந்தின் உயர்நிலப் பகுதிச் சாலைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, அடங்காத மலைக்குடிகளை அடக்கப் படைகளை நகர்த்துவதற்காக ஜெனரல் வேடும் பின்னர் கால்ஃபீல்டும் போட்ட இராணுவச் சாலைகள் அவை. நேர்கோட்டில் மலையேறும் சாலைகள். அவற்றைத் தவிர மாட்டு மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற தடங்களும், விக்டோரியா காலத்துச் சீமான்கள் மான் வேட்டைக்காக வெட்டிய ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. தொடக்க கால டிரையலுக்கு இராணுவச் சாலைகளே போதுமானவையாக இருந்தன. கியரும் சங்கிலியும் வந்து, எந்த வண்டியும் எந்தச் சாலையிலும் ஏறும் நிலை வந்தபோது போட்டி சாலையை விட்டு இறங்கியது. முதலில் மந்தைத் தடங்கள், பிறகு ஓடைப் படுகைகள். வண்டி தேறத் தேறப் பாதை கெட்டுக்கொண்டே போனது. வழியெல்லாம் சோதித்த காலம் போய், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கண்காணிப்பாளர் நின்று மதிப்பெண் போடும் இன்றைய வடிவம் வந்தது இப்படித்தான்.

1938 முதல் இந்தப் போட்டியின் மையம் ஃபோர்ட் வில்லியம். பென் நெவிஸ் மலையின் அடியில், லின்னி கடற்கழியின் கரையில் இருக்கும் சிறு நகரம். போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வீரர்கள் எடின்பரோவின் கோர்கி கால்நடைச் சந்தையில் கூடி, அங்கிருந்து முதல் நாள் முழுவதும் ஓட்டிக்கொண்டு வடமேற்கே வருவார்கள். கடைசி நாள் அதே போலத் திரும்புவார்கள். இப்போது தொடக்கமும் முடிவும் ஃபோர்ட் வில்லியத்திலேயே. மே முதல் வாரத்தில் ஊரில் தங்க இடம் கிடைக்காது.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ முப்பது செக்‌ஷன்கள். அவற்றுக்கிடையே சாலையும் சதுப்புமாகச் சில நாள்களில் நூறு மைல் வரை ஓட்ட வேண்டும். இதுதான் மற்ற டிரையல்களிலிருந்து இதைப் பிரிக்கிறது. இன்றைய டிரையல் வண்டி எழுபது கிலோவை ஒட்டிய எடையும் இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல் தொட்டியும் கொண்ட கருவி. ஓரிரு மைல் சுற்றளவில் விளையாடுவதற்காக வடிவமைத்தது. அதை எடுத்துக்கொண்டு எண் பலகை, காப்பீடு எல்லாம் மாட்டி, லாரிகளும் சுற்றுலா பஸ்களும் போகும் நெடுஞ்சாலையில் மழையில் நின்றபடியே ஓட்டிப் போவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதுகுப் பையில் பெட்ரோல் குப்பியும் உபகரணங்களும் சுமந்து செல்பவர்கள் உண்டு. மாலையில் வண்டியைப் பூட்டிய வளாகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். இரவில் தொட முடியாது. முக்கியப் பாகங்களில் முதல் நாளே பெயின்ட் அடையாளம் வைத்துவிடுவார்கள், மாற்றிவிடாமல் இருக்க. 1909இன் நம்பகத்தன்மைச் சோதனை இந்த இரண்டு விதிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

செக்‌ஷன்களின் பெயர்களைக் கேட்டாலே சில வீரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எட்ராமக்கி, லேகன் லாக்ஸ், டவுன் ஹால் பிரே (இது ஃபோர்ட் வில்லியம் ஊருக்குள்ளேயே, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு வசதியாக), எல்லாவற்றுக்கும் மேலாக ‘பைப்லைன்’. கின்லாக்லெவனில் அலுமினிய ஆலைக்காக மலை மேலிருந்து தண்ணீரை இறக்கிவர ராட்சதக் குழாய்கள் பதித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கட்டிய நீர்மின் திட்டம் அது. அந்தக் குழாய்களின் ஓரமாகவே கல்லும் மண்ணுமாக ஒரு நேர் ஏற்றம். அலுமினிய ஆலை மூடப்பட்டுவிட்டது. பைப்லைனில் இன்றும் கூட்டம் கூடுகிறது.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளை இந்தப் போட்டியின் பொற்காலம் என்று சொல்பவர்கள் பலர். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் சந்தேகம். அந்தக் காலத்தில் ஓட்டியவர்களுக்கு அது முதுகு ஒடிந்த காலமாகவும் இருந்திருக்கும். ஆனால் அப்போது பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டன என்பதில் சந்தேகமில்லை. ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், பிஎஸ்ஏ, ஏரியல், ராயல் என்ஃபீல்டு எல்லாம் சம்பளம் கொடுத்து வீரர்களை அனுப்பின. மே மாதத்தில் கிடைத்த வெற்றி ஜூன் மாதத்தில் விளம்பரமாகிவிடும். ஹியூ வைனி ஏஜேஎஸ் வண்டியில் 1947, 1948, 1949 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார். அதில் முதலாவது அவருடைய முதல் முயற்சி.

ராயல் என்ஃபீல்டின் கதையை நாம் கொஞ்சம் நின்று கேட்கலாம். 1948இன் தொடக்கத்தில் அந்த நிறுவனம் ‘புல்லட்’ என்ற புதிய 350 சிசி வண்டியின் முன்மாதிரியை முதலில் கொண்டுவந்து இறக்கியது ஒரு டிரையல் போட்டியில்தான். வண்டியின் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் இருந்தது. அன்றைய டிரையல் வீரர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருந்தால்தான் சேற்றில் பிடிப்புக் கிடைக்கும், ஸ்பிரிங் வைத்தால் பிடி நழுவும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. 1952இல் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் அந்தப் புல்லட்டிலேயே ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டியை வென்றார். 1957இல் மறுபடியும் ராயல் என்ஃபீல்டுக்காக வென்றார். விவாதம் அத்துடன் முடிந்தது. இடையில் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாராகி நம் ஊர்ச் சாலைகளில் பல தலைமுறைகளாக ஓடும் புல்லட்டின் பின் சஸ்பென்ஷன், பிரிட்டிஷ் டிரையல் சேற்றில் தேர்ச்சி பெற்றது.

பிரிட்டிஷ் ஆதிக்கம் முடிந்ததற்கு ஓர் ஆண்டைச் சொல்ல முடியும். சாமி மில்லர், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்தவர், ஏரியல் நிறுவனத்தின் 500 சிசி வண்டியை ஆண்டுக்கணக்காகச் செதுக்கிச் செதுக்கி எடை குறைத்து 1962இலும் 1964இலும் வென்றிருந்தார். ஜிஓவி 132 என்ற அதன் பதிவு எண்ணை இன்றும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1964இன் இறுதியில் அவர் ஏரியலை விட்டு ஸ்பெயினின் புல்டாகோவில் சேர்ந்தார். பார்சிலோனா அருகே அந்த நிறுவனத்தாரோடு உட்கார்ந்து ‘ஷெர்ப்பா டி’ என்ற இலகுவான டூ ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். 1965 மே மாதம் அதில் வென்றார். வெளிநாட்டு வண்டிக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கும் அந்தப் போட்டியில் கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் வண்டிகள் பட்டியலிலிருந்தே மறையத் தொடங்கின. 1969இல் கிரீவ்ஸ் வண்டியில் பில் வில்கின்சன் பெற்ற வெற்றியோடு ஏறத்தாழ அந்தக் கதை முடிந்தது. இருசக்கர வண்டித் தொழிலில் பிரிட்டனின் வீழ்ச்சிக்கு ஜப்பானைக் காரணம் சொல்வது வழக்கம். டிரையலைப் பொறுத்தவரை முதல் அடி ஸ்பெயினிலிருந்து வந்தது. அதைக் கொடுக்க உதவியவர் பிரிட்டனிலேயே ஆகச் சிறந்த வீரர்.

வீரர்கள் மட்டும் பிரிட்டிஷ்காரர்களாகவே இருந்தார்கள். மிக் ஆண்ட்ரூஸ் ஸ்பெயினின் ஒஸ்ஸாவிலும் ஜப்பானின் யமஹாவிலுமாக ஐந்து முறை வென்றார். 1980இல்தான் பின்லாந்தின் யுர்யோ வெஸ்டெரினன் அந்த வரிசையை உடைத்தார். 1982இல் அமெரிக்கர் பெர்னி ஷ்ரைபர். யார்க்‌ஷயரின் லாம்கின் குடும்பத்துக்கோ இது குலதெய்வத் திருவிழா மாதிரி: ஆர்தர் 1963இல், தம்பி ஆலன் 1966இல், இளைய தம்பி மார்ட்டின் 1976 முதல் 1978 வரை தொடர்ந்து மூன்று முறை. மார்ட்டினின் மகன் டகி லாம்கின் பத்து முறைக்கும் மேல் வென்று எல்லோரையும் தாண்டிவிட்டார். பெண்களும் புதியவர்கள் அல்லர். 1920களிலேயே மார்ஜரி காட்டில் இந்த மலைகளில் ஓட்டியிருக்கிறார். 1978இல் அமெரிக்காவிலிருந்து வந்த டெபி எவன்ஸின் ஓட்டத்தைக் கண்டவர்கள், பெண்கள் பிரிவு என்ற தனிக் கணக்கைச் சற்று நேரம் மறந்தார்கள்.

ஆக, ஸ்காட்லாந்தின் மாபெரும் போட்டியை வென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் அல்லர். இதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. அவர்களுடைய பங்கு வேறு இடத்தில் இருக்கிறது.

அது நிர்வாகம். கேட்கச் சலிப்பான சொல். ஆனால் இந்த விளையாட்டில் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

மேலிருந்து பார்த்தால் அடுக்கு இப்படி: உலக அளவில் எஃப்ஐஎம். 1904இல் பாரிஸில் தொடங்கிய கூட்டமைப்பு. அதன் கீழே பிரிட்டனின் சார்பில் ஆட்டோ சைக்கிள் யூனியன் என்ற ஏசியு. அந்த 1903ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆனால் ஏசியுவின் நேரடி நிர்வாகம் ஸ்காட்லாந்து எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு வடக்கே ஸ்காட்டிஷ் ஆட்டோ சைக்கிள் யூனியன், சுருக்கமாக எஸ்ஏசியு. அயர்லாந்துக்கு அதன் சொந்த யூனியன். கால்பந்திலும் ரக்பியிலும் ஸ்காட்லாந்து தனி நாடாக உலகப் போட்டிகளில் இறங்குகிறது. மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை; உள்ளூரில் தனியரசு, உலக அரங்கில் பிரிட்டிஷ் அணி. இந்த இரட்டை வாழ்க்கை நூறாண்டாகப் பெரிய சண்டை இல்லாமல் நடந்துவருகிறது. அரசியலில் அவர்களால் முடியாதது இதில் எப்படியோ முடிந்திருக்கிறது.

எஸ்ஏசியு நேரடியாகப் போட்டி நடத்துவதில்லை. அதன் உறுப்பினர்கள் கிளப்புகள்: அபர்டீன், இன்வர்னஸ், பெர்த், லேனார்க்‌ஷயர், லாக்கேபர் என்று ஊருக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு விவசாயியின் மேட்டு நிலத்தில் நாற்பது பேர் ஓட்டும் போட்டியாக இருந்தாலும் கிளப் முதலில் யூனியனிடம் அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். அந்தப் பத்திரத்தோடுதான் காப்பீடு வருகிறது. காப்பீடு இல்லாமல் எந்த நில உரிமையாளரும் கதவைத் திறக்க மாட்டார். ஒவ்வொரு போட்டிக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவர், அவர் விதிப்படி நடக்கிறாரா என்று பார்க்க இன்னொருவர். ஸ்காட்டிஷ் டிரையல் சாம்பியன்ஷிப் இப்படிக் கிளப்புகள் பகிர்ந்து நடத்தும் ஞாயிறுகளின் தொகுப்பு.

ஆறு நாள் டிரையலும் இதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அதை நடத்துவது எடின்பரோ அண்டு டிஸ்ட்ரிக்ட் மோட்டார் கிளப். நகரத்துக் கிளப் ஒன்று, நூறு மைலுக்கும் மேல் தள்ளி இருக்கும் மலைநாட்டில் போய் நடத்துகிறது. உலகச் சாம்பியன்ஷிப் 1975இல் தொடங்கியது. முதல் சாம்பியன் நாம் மேலே பார்த்த மார்ட்டின் லாம்கின்தான். ஆனால் ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டி அந்தச் சாம்பியன்ஷிப்பின் சுற்று அல்ல. உலகப் பட்டியலுக்கு இதில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. இருந்தும் ஏறத்தாழ 280 இடங்களுக்கு அதைவிட அதிகமானோர் விண்ணப்பிப்பதால் குலுக்கல் போடுகிறார்கள். உலக வீரர் ஒருவரும், வார விடுப்பில் வந்திருக்கும் குழாய்ப் பணியாளர் ஒருவரும் ஒரே செக்‌ஷனில் ஒரே மழையில் வரிசையில் நிற்பார்கள். என் பார்வையில், உலகச் சாம்பியன்ஷிப்புக்குள் போகாமல் இருந்ததே இந்தப் போட்டியைக் காப்பாற்றியது. உள்ளே போயிருந்தால் இருபது முப்பது நட்சத்திரங்களுக்காக ஒரு மைதானத்தில் வேலி கட்டியிருப்பார்கள்.

நிற்பது பற்றிய சண்டை இதற்கு ஒரு சான்று. செக்‌ஷனுக்குள் வண்டி நின்றால் தோல்வி என்பது பழைய விதி. சமநிலைத் திறன் கூடக்கூட, வீரர்கள் நின்ற இடத்திலேயே வண்டியைத் துள்ளவைத்துத் திருப்பிப் பாயத் தொடங்கினார்கள். உலகப் போட்டிகளில் பல ஆண்டுகள் அது அனுமதிக்கப்பட்டது. பார்ப்பதற்குச் சர்க்கஸ். ஆனால் அந்த வித்தை தெரியாத சாதாரண ஓட்டுநர்கள் மெல்ல விலகினார்கள். 2013இல் எஃப்ஐஎம் மீண்டும் நிற்கத் தடை போட்டது. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டி இப்போது நடப்பது நிற்காமல் ஓட்டும் விதியில்தான். அதனால் சுமை கண்காணிப்பாளர் தலையில் விழுகிறது: சக்கரம் அரை நொடி நின்றதா, நின்றதுபோல் தோன்றியதா? சம்பளமில்லாமல், காலையிலிருந்து மாலை வரை சதுப்பில் நின்றபடி, இருநூற்றி எண்பது முறை அவர் இதைத் தீர்மானிக்க வேண்டும். வீடியோ மறுபார்வை இல்லை. அவர் சொன்னதே தீர்ப்பு.

இனி இன்னொரு சட்டம். 1903க்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2003இல், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நடப்பவர், சைக்கிளில் போவோர், குதிரையில் போவோர், படகு விடுவோர் எவரும் பொறுப்போடு நடந்துகொண்டால் நாட்டின் பெரும்பாலான நிலத்தில் யாரிடமும் கேட்காமல் போகலாம் என்று அது உரிமை கொடுத்தது. ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று. ஆனால் மோட்டார் வண்டியில் பொழுதுபோக்குக்காகப் போவதை அது வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. ஏற்கெனவே 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் உரிய அதிகாரமின்றிச் சாலைக்கு வெளியே வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. ஆக, பென் நெவிஸில் எவரும் ஏறலாம். மோட்டார் சைக்கிளோடு ஏற வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

ஸ்காட்லாந்தில் நிலம் சிலர் கையில் குவிந்து கிடப்பது நீண்ட காலக் குறை. பெரிய எஸ்டேட்டுகள், வனத்துறை, நீர்மின் நிறுவனங்கள் என்று ஒருசிலரே மலைகளை வைத்திருக்கிறார்கள். நியாயம் எப்படியிருந்தாலும், டிரையலுக்கு இது வசதியாகவே அமைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நூறு சிறு உரிமையாளர்களிடம் கேட்பதைவிடச் சில பெரிய எஸ்டேட்டுகளிடம் கேட்பது எளிது. ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் மறுத்தால் ஒரு நாளின் பாதை முழுவதும் போய்விடும். அவர்களுக்கு மேலே இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட். பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி வழியே பாதை போனால் அதன் ஒப்புதலும் வேண்டும். சாலைப் பகுதிக்கு ஸ்காட்லாந்துக்கென்றே 1976இல் வந்த தனிப் போட்டி விதிமுறைகள் இருக்கின்றன. மே மாதம் என்பதும் ஒரு சமரசம் போலத்தான் படுகிறது: கலைமான் வேட்டைப் பருவம் இன்னும் தொடங்கவில்லை, கோடைச் சுற்றுலாக் கூட்டம் வரவில்லை, கொசுவைவிடக் கொடிய ‘மிட்ஜ்’ பூச்சிகள் முழு வீச்சில் இல்லை. ஆனால் ஆடுகள் குட்டி போடும் காலம், தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலம். ஆகவே பாதை வகுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வரைபடத்தோடு எஸ்டேட்டுக் காவலர்களிடம் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்று 2001 காட்டியது. பிரிட்டன் முழுவதும் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. பண்ணை நிலங்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஆறு நாள் டிரையல் இல்லை. 2020இலும் 2021இலும் கொரோனா அதையே செய்தது. போர்களுக்குப் பிறகு இந்தப் போட்டியை நிறுத்தியவை கிருமிகள் மட்டுமே.

பழைய வண்டிகளுக்கும் ஓரிடம் கிடைத்திருக்கிறது. 1984 முதல், பெரிய போட்டிக்கு முந்தைய வெள்ளியும் சனியும் கின்லாக்லெவனில் ‘ப்ரீ-65’ டிரையல் நடக்கிறது. புல்டாகோ வெற்றிக்கு முற்பட்ட பாணி வண்டிகளுக்கான போட்டி. பெயரில் உள்ள 65 தற்செயல் அல்ல. அந்த ஆண்டோடு ஓர் உலகம் முடிந்தது என்பது அமைப்பாளர்களின் கணக்கு. பழைய வண்டிகள் என்று பெயர்தான். உள்ளே எவ்வளவு புதிய பாகம் இருக்கலாம் என்பது முடிவில்லாத வழக்கு. முன்ஃபோர்க்கின் உறை பழையது, உள்ளடக்கம் புதியது என்ற மாதிரியான தகராறுகளைத் தீர்க்க வண்டிப் பரிசோதகருக்கு ஒரு துப்பறிவாளரின் மூளை தேவைப்படும். ஆனால் புல்லட்டும் ஏரியலும் பிஎஸ்ஏ பேண்டமும் பைப்லைனில் ஏறும் சத்தத்தைக் கேட்க வருபவர்களுக்கு அந்தத் தகராறுகள் ஒரு பொருட்டல்ல.

ஆறாம் நாள் மாலை ஃபோர்ட் வில்லியத்தில் முடிவுகள் வந்துவிடும். வென்றவர் கோப்பையை வாங்குவார். கடைசியாக வந்தவரும், ஆறு நாளையும் முடித்தவர் என்ற முறையில், கைதட்டல் பெறுவார். கிளப்காரர்களுக்கு வேலை அதற்கு மேலும் இருக்கிறது. மலையெங்கும் நட்ட சிவப்பு, நீலக் கொடிகளையும் வழிகாட்டிக் குச்சிகளையும் நடந்தே போய்ப் பிடுங்கிச் சுருட்ட வேண்டும்; பிளந்த வேலியைக் கட்ட வேண்டும்; ஓடைக் கரையில் சக்கரம் கிளறிய புல்லைத் திருப்பி அழுத்த வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த மே மாதத்துக்காக எஸ்டேட்டுக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது.